கையெண்ணிக்கை

மூன்றாம் கால்பகுதியில் பலகை அணைந்தது.
மழையில்லை, இடியில்லை.
பதினெட்டின் எட்டில் பாதி மட்டும் சிவந்து நின்று
அதுவும் கறுத்தது.
மேசையிலிருந்து ஜெயசீலி இரு கையையும் விரித்தாள்.
ஆட்டநேரத்துக்கு அவளிடம் ஒரு ஸ்டாப்வாட்ச் உண்டு.
பின்பாதி நொடிகளுக்கு எதுவுமில்லை.
மஞ்சக்குப்பம் மைதானத்தின் பூச்சி மொய்க்கும் விளக்கடியில்
தில்லைக்கரசன் சார் என்னைப் பார்த்துச் சொன்னார்:
'அப்ப கையெண்ணிக்கைதாம்மா.'

பகலில் நான் முதுநகர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில்.
அங்கே சுவரில் கடிகாரம் இருக்கிறது,
யாரும் ஓடுவதில்லை.
இங்கே நாக்குதான் கடிகாரம்.
தமிழ் நாக்கு:
மூன்று இழுக்கும், நான்கும் இழுக்கும்,
ஆறும் ஏழும் வாய் திறந்து நிற்கும்,
ஒன்று சுருக்கென்று முடிந்துவிடும்.
குறிலும் நெடிலுமாய் வரும் எட்டுச் சொற்களை
ஒரே அளவில் வெட்ட
ஆறு வருடம் பழகினேன்,
பால் பொங்கும் முன், ரயில்வே கேட் திறக்கும் முன்.
கை வீசி வீசி
வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்தேன்.

கடைசி எண் மட்டும் இன்னும் வசப்படவில்லை.
அதன் நடுவில் ஒரு ட்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டி
அரை மாத்திரைக்கு
உலகத்தில் சத்தமே இருப்பதில்லை.

ஐம்பத்தொன்று, ஐம்பது.
பத்தொன்பது நொடி மீதம்.
துறைமுகம் முன்னால், பந்தும் துறைமுகத்திடம்.
நெய்வேலிப் பெண்கள் ஐவரும் ஏறி வந்து மறித்தார்கள்.
எறிபவள் கை விட்டதும் எண்ணக் கூடாது.
உள்ளே ஒருத்தியின் விரல் பட வேண்டும்.
பட்டது. பதினோராம் எண், பெரியநாயகி,
பெயரைவிட ஓரடி குட்டை.
ஒன்று. என் வலக்கை வீசியது.
இரண்டு. மூன்று.
நான்கில் ஒரு நெய்வேலி முழங்கை
பந்தைத் தட்டி வெளியே அனுப்பியது.
திரும்பவும் துறைமுகத்துக்கே.

'புதுசா எண்ணுங்க மேடம்!'
புதிதாக எண்ண முடியாது.
செலவான நான்கு செலவானதுதான்.
விசிலைக் கடித்த வாய்க்குள்
அந்த நான்கைச் சூடான பட்டாணியாய் அடக்கி நின்றேன்.

மறுபடி விரல்.
ஐந்து.
ஆறு, அவள் ஒருத்தியின் கைக்குக் கீழே குனிந்து போனாள்.
ஏழில் நடுக்கோடு.

அந்தக் கோடு பொதுவில்லை.
பின்பாதிக்குச் சொந்தம்.
இடது கால், வலது கால், பந்து,
மூன்றும் தாண்டினால்தான் தாண்டியது.
இரண்டு போனால் ஒன்றும் போகவில்லை.

பந்து அங்கே, துள்ளிவிட்டது.
இடது கால் அங்கே.
வலது காலின் குதி எழும்பியிருக்கிறது,
பெருவிரல் சுண்ணாம்பின் மேல்.
காலைப் பார்த்தால் கை நிற்கும்,
கையை நம்பினால் கால் மறையும்.
எட்

இங்கேதான் இருந்தேன்.
இந்த இடத்தில்
ஷூ முனை எழுந்ததா, எழப் போனதா?

டு.

ஊதிவிட்டேன்.
ஐந்து விரலும் மூன்று விரலுமாய்க் கைகளை உயர்த்தினேன்.
காலடியில் ஒரு தண்ணீர் பாக்கெட் வெடித்தது.
'யாரு வீட்டு எட்டும்மா அது?' என்றது ஒரு குரல்,
நல்ல கேள்வி.

நெய்வேலியின் கடைசி வீச்சு
வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.
துறைமுகமே ஜெயித்தது.
பட்டாசு, பிரியாணிப் பொட்டலம்.
அந்த எட்டு அப்போதே எல்லாருக்கும் மறந்துபோனது.

குழாயடியில் பெரியநாயகி காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்,
பதக்கத்தைப் பல்லில் கவ்வி.
அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
'அக்கா, எட்டா?'
எண்ணைக் கேட்டாளோ
காலைக் கேட்டாளோ.
'எட்டு' என்றேன்.
தலையாட்டிவிட்டு
மற்றக் காலைக் கழுவத் தொடங்கினாள்.

ஒன்பதே முக்கால் டவுன் பஸ்.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது
முன்னால் கரும்பு லாரி மல்லாந்த மாதிரி நின்றது.
முன்சக்கரம் பாலத்தில்.
நான் கடைசி இருக்கையில், பின்சக்கரத்தின் மேலே.
சட்டப்படி இன்னும் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறேன்.
மடியில் கை தானாக வீசியது.
டிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்து
கண்டக்டர் எழுந்து வந்தார்.